புகையா, பனியா? மணிமேகலையின் தர்க்க வகுப்பு

என் பள்ளி நாட்களில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். ஜவுளிக் கடையில் வேலை. கடை சாத்தி, கடைசிப் பேருந்தைப் பிடித்து வீடு வந்து சேரும்போது இரவு பத்து மணி தாண்டிவிடும். உடன் வேலை பார்த்த ஒருவர் சில நாட்கள் தெருமுனை வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார். தெரு பேசத் தொடங்கியது. ஒருநாள் மாலை எங்கள் திண்ணையிலும் அந்தப் பேச்சு வந்தது. "அதெல்லாம் சும்மா சொல்றாங்க" என்றேன். அப்பாயி வெற்றிலையை மடித்தபடியே, "நெருப்பில்லாமயா பொகையும்?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. அடுத்த மாதம் அந்த அக்காவை வீட்டில் வேலைக்குப் போக விடாமல் நிறுத்திவிட்டார்கள். தை மாதத்தில் அவசரமாகக் கல்யாணம். தெருவில் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை என்பது நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. அப்பாயி சொன்னது தவறு என்று தெரியும். எந்த இடத்தில் தவறு என்று சொல்லத் தெரியவில்லை. வசவுக்குப் பதில் வசவு உண்டு. இது வசவாக வரவில்லை, நியாயமாக வந்தது. புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பதை யார் மறுக்க முடியும்?

பல ஆண்டுகளுக்குப் பிறகு மணிமேகலையை முழுதாகப் படிக்க உட்கார்ந்தபோது 29ஆம் காதையில் அதே புகை எழுந்தது. அறவண அடிகள் மணிமேகலைக்கு அனுமானம் என்றால் என்ன என்று பாடம் சொல்கிறார். அவர் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு: இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது.

30 காதைகள் கொண்ட இந்தக் காப்பியத்தில் இலக்கிய வாசகர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் பகுதி இது. கதை நின்றுவிடுகிறது, சூத்திரங்கள் வரிசைகட்டுகின்றன, சமஸ்கிருதச் சொற்கள் குவிகின்றன. கவிதையை மதம் விழுங்கிவிட்டது என்ற குறை இந்தக் காதையைப் பற்றிச் சொல்லப்படுவது உண்டு. சமய வரலாறும் தர்க்க வரலாறும் படிப்பவர்களுக்கோ இது புதையல். இதற்கும் சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் என்ற பௌத்த தர்க்க நூலுக்கும் உள்ள நெருக்கத்தை அவர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். இந்த இரண்டு தரப்பும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பாடம் யாருக்குச் சொல்லப்படுகிறது? கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் ஒரு கணிகையின் மகள். அவளைப் பற்றி அதுவரை மற்றவர்கள் செய்த அனுமானங்களால்தான் அவள் ஊர் ஊராக அலைந்திருக்கிறாள், சிறைப்பட்டிருக்கிறாள். அவள் கேட்கும் பாடமாக வைத்துப் படித்தால் 29ஆம் காதை கதையை நிறுத்துவதாகத் தெரியவில்லை. கதையில் நடந்த தவறுகளுக்கெல்லாம் பெயர் கிடைக்கும் இடமாகத் தெரிகிறது.

முதலில், அந்த வகுப்புக்கு அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்பதைப் பார்க்க வேண்டும்.

மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்கள் தருகிறது. அவற்றில் ஒன்று வேற்றுருக் கொள்வதற்கு. ஏன் என்பதையும் தெய்வமே சொல்லிவிடுகிறது: நீ இளம்பெண், வளையணிந்தவள், அதைப் பார்த்துவிட்டு யாரும் உனக்கு மெய்ப்பொருளைச் சொல்ல மாட்டார்கள். ஆகவே வஞ்சி நகரில் மணிமேகலை ஒரு மாதவனின் உருவத்தில்தான் சமயவாதிகளிடம் செல்கிறாள். ஆணாகக் கேட்டதும் எல்லாரும் சொல்கிறார்கள். அளவைவாதி பத்து அளவைகளை வரிசையாக எடுத்துரைக்கிறான். கேள்வி ஒன்றே, கேட்கும் மூளையும் ஒன்றே. மாறியது உடல் மட்டும். அறிவைப் பகிர்வதற்கான நிபந்தனை அறிவில் இல்லை, உடலில் இருந்தது என்பதை இந்தக் காப்பியம் போகிறபோக்கில் நிரூபித்துவிடுகிறது.

இது பழங்கதைக்கு மட்டும் உரியதன்று. நவீன குறியீட்டுத் தர்க்கம் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் கிறிஸ்டின் லாட்-ஃபிராங்க்ளின் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தர்க்க இயற்கணிதத்தில் முனைவர் ஆய்வை 1882இல் முடித்தார். ஆய்வுக்கட்டுரை அடுத்த ஆண்டே அச்சில் வந்தது. பெண் என்பதால் பட்டம் தரப்படவில்லை. தரப்பட்டது 1926இல், 44 ஆண்டுகள் கழித்து. வேற்றுருக் கொள்ளும் மந்திரம் அவரிடம் இருக்கவில்லை.

வஞ்சியில் மணிமேகலை பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஓரிடத்தில் மட்டும் வாயைத் திறக்கிறாள். கண்ணால் காண்பதைத் தவிர வேறு அளவை இல்லை என்கிறான் பூதவாதி. அவளுக்குச் சிரிப்பு வருகிறது. அனுமானத்தை விட்டால் உன் தாய் தந்தை யாரென்று எப்படி அறிவாய் என்று திருப்பிக் கேட்கிறாள். தன் பிறப்பை யாரும் தானே கண்டதில்லை. பிறர் சொன்னதையும் சூழ்நிலையையும் வைத்து முடிவு செய்திருக்கிறோம். எதிராளியின் கொள்கையை அவன் வாழ்க்கையின் மேலேயே பொருத்தி, அது நிற்காது என்று காட்டும் முறை இது. பிறப்பை வைத்து எடைபோடப்பட்ட ஒருத்தியின் வாயிலிருந்து இந்தக் கேள்வி வருவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதையும் அவள் ஆண் உருவத்தில்தான் கேட்க வேண்டியிருந்தது.

பிறகு காஞ்சி. அறவண அடிகளின் முன் வேடம் இல்லை. வஞ்சியில் தான் பூண்ட அந்த உருவத்தைப் போலவே அங்கே கேட்ட சமயங்களும் செவ்வியவையாக இல்லை என்கிறாள். அவர் அவளை நங்கை என்று விளித்துப் பாடத்தைத் தொடங்குகிறார். காப்பியத்தில் ஒரு பெண் பெண்ணாகவே அமர்ந்து தர்க்கம் கற்கும் இடம் இது.

பாடத்தின் முதல் செய்தியே கனமானது. அளவைகள் இரண்டுதான்: காண்டல், கருதல். வஞ்சியில் அளவைவாதி சொன்ன பட்டியலில் ஆகமமும் ஐதிகமும் தனி அளவைகளாக இருந்தன. ஐதிகம் என்றால் ஊர் வழக்கு. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்வதால் பேய் இருக்கிறது என்று தெளிவது. அறவண அடிகளின் பட்டியலில் அதற்குத் தனி இடம் இல்லை. பிற அளவைகள் ஏதேனும் உண்டென்றால் அவை கருதலுக்குள் அடங்கி, கருதலுக்குரிய சோதனைகளில் தேற வேண்டும். பெரியவர்கள் சொன்னார்கள், காலங்காலமாக இப்படித்தான், ஊரே பேசுகிறது ஆகியவை தம்மளவில் சான்றாக மாட்டா. பெண்களைப் பற்றிய தீர்ப்புகளில் எத்தனை ஐதிகத்தின் மேல் நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் இந்தச் சுருக்கம் எதைக் கழித்துவிட்டது என்பது புரியும்.

அடுத்து அனுமானத்தின் உறுப்புகள். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து. பக்கம் என்பது நிறுவ வேண்டிய கூற்று: இந்த மலையில் நெருப்பு உண்டு. ஏது என்பது காரணம்: புகை இருப்பதால். திட்டாந்தம் எடுத்துக்காட்டு: அடுக்களையைப் போல. உபநயம் அதைப் பொருத்திக் காட்டுவது: இந்த மலையும் புகையுடையது. நிகமனம் முடிவு. கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்று அடிகள் சொல்வதால் அடிப்படை மூன்றே. எடுத்துக்காட்டும் ஒருபக்கமாக இருந்தால் போதாது. நெருப்பும் புகையும் சேர்ந்திருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும், அது அடுக்களை. நெருப்பு இல்லாததால் புகையும் இல்லாத இடத்தையும் காட்ட வேண்டும், அது நீர்.

இன்றைய தர்க்கப் பாடநூலின் மொழியில் இதை இப்படிச் சொல்லலாம். புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பது பொது விதி. இதிலிருந்து இரண்டு வழிகளில் முறையாக நகரலாம். புகை இருக்கிறது, ஆகவே நெருப்பு இருக்கிறது என்பது ஒன்று. நெருப்பு இல்லை, ஆகவே புகை இல்லை என்பது மற்றொன்று. முறையல்லாத வழிகளும் இரண்டு. நெருப்பு இருக்கிறது, ஆகவே புகை இருக்கிறது என்பது பிழை. புகை இல்லை, ஆகவே நெருப்பு இல்லை என்பதும் பிழை. விறகடுப்பில் சமைத்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்துவிட்டு எரிந்து அடங்கிய தணல் புகைவதில்லை, கையை வைத்தால் சுடும். நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வது அதைத்தான்.

இந்த நான்கு வழிகளையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் முறைசார் தர்க்கத்தின் முதல் பாடம். எளிதாகத் தோன்றும். பொருளை மாற்றிப் பாருங்கள். கெட்ட பெண்கள் இரவில் வெளியே சுற்றுவார்கள். இவள் இரவில் வெளியே வருகிறாள். ஆகவே இவள் கெட்டவள். முதல் கூற்றை ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும் முடிவு பிறக்காது. நெருப்பைக் கண்டதும் புகையைச் சொல்லும் அதே பிழை இது. செவிலியர், நூற்பாலைத் தொழிலாளர், துப்புரவுப் பணியாளர் என இரவில் வெளியே வரும் பெண்களைப் பற்றி அந்த முதல் கூற்று எதையுமே சொல்லவில்லை. வடிவத்தைத் தனியே எடுத்துப் பார்க்கத் தெரிந்தால், கோபப்படுவதற்கு முன்பே பிழையின் மேல் விரல் வைத்துவிடலாம்.

வடிவம் மட்டும் போதுமா? போதாது. ஐரோப்பிய மரபில் வடிவத் தர்க்கத்தின் தந்தை எனப்படும் அரிஸ்டாட்டிலே இதற்குச் சாட்சி. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பற்கள் குறைவு என்று விலங்குகளைப் பற்றிய தன் நூலில் எழுதிவைத்தவர் அவர். பெண்ணுக்குச் சிந்திக்கும் ஆற்றல் உண்டு, அதற்கு அதிகாரம் இல்லை என்று 'அரசியல்' நூலில் எழுதியவரும் அவரே. பெண்கள் ஆளப்பட வேண்டியவர்கள் என்ற முடிவை அங்கிருந்து பிழையற்ற வடிவத்தில் வருவிக்கலாம். படிகள் சரியாக இருக்கும், தொடங்கிய இடம் பொய்யாக இருக்கும். எல்லா 'அ'வும் 'ஆ', இது 'அ', ஆகவே இது 'ஆ' என்ற வாய்பாடு அந்த முதல் 'எல்லா' எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. பெண்களைப் பற்றிய அநீதிகளில் பெரும்பகுதி அந்த 'எல்லா'வுக்குள் ஒளிந்திருக்கிறது: பொம்பளைங்க எல்லாம் இப்படித்தான்.

அறவண அடிகளின் பாடத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது மூன்றாம் உறுப்பு. தூய வடிவத் தர்க்கத்தின் கண்ணுக்குத் திட்டாந்தம் மிகை. பொது விதி இருந்தால் முடிவு வந்துவிடும், அடுக்களை எதற்கு? ஆனால் திட்டாந்தம் பேசுகிறவரை நிறுத்தி, இதை எங்கே கண்டாய் என்று கேட்கிறது. கண்ட இடத்தைக் காட்டு, மாறான இடத்தையும் காட்டு என்கிறது. பொது விதி வானத்திலிருந்து இறங்கக் கூடாது, யாரோ ஒருவர் திரும்பத் திரும்பக் கண்ட அனுபவத்திலிருந்து எழ வேண்டும். மலையைப் பற்றிய இந்த அனுமானம் முழுவதும் ஓர் அடுக்களையின் மேல் நிற்கிறது. அங்கே தினமும் கண் எரிய ஊதிக்கொண்டு, எந்த விறகு புகையும், எது புகையாது என்று அறிந்து வைத்திருந்தவள் யார்? அவளுடைய அறிவு தர்க்கத்துக்குள் எடுத்துக்காட்டாக நுழைந்துவிட்டது. அவள் நுழைவதற்குத்தான் ஆண் வேடம் தேவைப்பட்டது.

இப்போது பிழைகளுக்கு வருவோம். பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, எடுத்துக்காட்டுப்போலி 10 என 33 பிழைகளை அடிகள் பிரித்துச் சொல்கிறார். இந்தப் பட்டியல்தான் படிப்பவர்களைச் சோர்வடையச் செய்வது. கதையில் ஏற்கெனவே நடந்தவற்றை அருகில் வைத்துக்கொண்டு படித்தால் அப்படி இருக்காது.

சித்திராபதியின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். பேத்தி துறவு பூண்டதை அவளால் ஏற்க முடியவில்லை. நாம் கணவனோடு உயிர்விடும் பத்தினிப் பெண்கள் இல்லை, பாணன் இறந்தால் அவனோடு யாழ் இறப்பதில்லை, நாம் அந்த யாழ் போன்றவர்கள் என்கிறாள். அவள் பக்கம்: மணிமேகலை இளவரசனிடம் செல்ல வேண்டியவள். ஏது: கணிகையர் குலத்தில் பிறந்ததால். திட்டாந்தம்: யாழ். யாழுக்குத் தன் விருப்பம் என்று ஒன்று கிடையாது, யார் கையிலும் இசைக்கும். நிறுவ வேண்டியதையே எடுத்துக்காட்டுக்குள் வைத்து அவள் கொண்டுவந்துவிட்டாள். தவிர, அந்தக் குலத்தில் பிறந்தவர்கள் எல்லாம் இப்படித்தான் என்ற விதியை உடைக்க ஒரே ஒரு மாறான எடுத்துக்காட்டு போதும். அவள் வீட்டிலேயே இரண்டு இருக்கின்றன: துறவு பூண்ட மாதவி, துறவு பூண்ட மணிமேகலை. சித்திராபதியைக் கெட்டவளாக்கிவிட்டு நகர்வது நமக்கு எளிது. அவள் சொல்வது அவள் கண்டுபிடித்த விதியன்று. அவள்மீது சுமத்தப்பட்ட விதியைப் பிழைப்புக்காகத் தன் வாயால் ஒப்பிக்கிறாள். என் அப்பாயியும் அப்படித்தான்.

அடுத்தது காஞ்சனன். இந்த அனுமானம் ஓர் உயிரை எடுக்கிறது. உதயகுமரனிடமிருந்து தப்பவும் பசித்தவர்களுக்கு உணவிடவும் மணிமேகலை காயசண்டிகையின் உருவத்தை எடுத்திருக்கிறாள். 12 ஆண்டுகள் பிரிந்திருந்த மனைவியைத் தேடி வருகிறான் விஞ்சையன் காஞ்சனன். மனைவியின் உருவம் தன்னைப் பாராமல் இளவரசனோடு பேசிக்கொண்டிருப்பதைக் காண்கிறான். இவள் அவனை விரும்புகிறாள் என்று தெளிகிறான். அன்றிரவு உதயகுமரன் வாளுக்கு இரையாகிறான். அதன் பிறகு சிறைக்குப் போவது மணிமேகலை.

அடிகளின் பட்டியலோடு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒருவனோடு பேசுவது காதலிப்பவளுக்கும் உண்டு, காதலிக்காதவளுக்கும் உண்டு. அப்போது மணிமேகலை இளவரசனுக்கு நரைத்த கிழவி ஒருத்தியைக் காட்டி உடலின் நிலையாமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிறுவ வேண்டியது உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் பொதுவாகக் காணப்படும் ஏது எதையும் நிறுவாது. அநைகாந்திகத்தில் சாதாரணம் என்ற வகை இது. இதைவிடக் கொடியது ஒன்றும் உண்டு. எதைப் பற்றிப் பேசுகிறோமோ அந்தப் பொருளே இல்லாதபோது ஏதுவுக்கு நிற்க இடமில்லை. அதற்கு ஆசிரயாசித்தம் என்று பெயர். காஞ்சனன் குற்றம் சாட்டும் மனைவி அங்கே இல்லவே இல்லை. காயசண்டிகை அதற்கு முன்பே விந்தாகடிகையின் வயிற்றுக்குள் போய்விட்டாள். இல்லாத ஒருத்தியின் நடத்தையின் மேல் ஒரு கொலை.

நடத்தையில் சந்தேகம் என்ற சொற்றொடரை நம் நாளிதழ்களில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! மனைவி கைப்பேசியில் பேசினாள், சிரித்தாள், தாமதமாக வந்தாள் என்பவை ஏதுக்கள். பக்கம் முன்கூட்டியே முடிவாகிவிட்டது. சந்தேகம் என்ற சொல்லே அங்கே உறுதியின்மையைக் குறிக்கவில்லை, தண்டனைக்குப் போதுமான காரணத்தைக் குறிக்கிறது. 29ஆம் காதையில் இதற்கும் ஒரு பெயர் இருக்கிறது. தொலைவில் தெரிவது புகையா, ஆவியா, பனியா என்ற ஐயம் தீராதபோதே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது. அடிகள் இதைச் சித்தாசித்தம் என்று பிழைகளில் சேர்க்கிறார். ஐயத்துக்குரிய ஏதுவிலிருந்து ஐயமற்ற முடிவு பிறக்காது.

இந்தக் காப்பியத்துக்கு முன்கதையான சிலப்பதிகாரத்தில் ஒரு பெண் அரசவையிலேயே முறையான வாதத்தை நடத்திக் காட்டியதையும் இங்கே நினைக்க வேண்டும். கண்ணகியை நாம் பெரும்பாலும் கண்ணீராகவும் தீயாகவுமே நினைவில் வைத்திருக்கிறோம். அவள் செய்தது இது: அரசியின் சிலம்பு என்றால் உள்ளே முத்து இருக்க வேண்டும், உடைத்தால் மாணிக்கம் தெறிக்கிறது, ஆகவே இது அரசியின் சிலம்பு அன்று. நெருப்பு இல்லை, ஆகவே புகை இல்லை என்ற அதே எதிர்மறை வழி. தன் அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்பதை அரசன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுத்தான் உடைக்கிறாள். இருதரப்பும் ஒப்பிய கூற்றிலிருந்து வாதம் தொடங்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பாண்டியன் கோபத்தைக் கண்டு வீழவில்லை. வாதத்துக்குப் பதில் இல்லாமல் வீழ்ந்தான்.

இவ்வளவு சொன்னபின் 29ஆம் காதையின் மேல் எனக்குள்ள குறைகளையும் சொல்லியாக வேண்டும். தன் சொல்லே தன்னை மறுக்கும் பிழைக்கு அடிகள் தரும் எடுத்துக்காட்டு, ஒருவன் தன் தாயை மலடி என்று சொல்வது. தர்க்கப்படி பழுதில்லை. ஆனால் முரண்பாட்டைக் காட்ட ஆயிரம் எடுத்துக்காட்டுகள் இருக்க, குழந்தை பெறாத பெண்ணைச் சுட்டும் சொல்லை எடுத்து, எதிரே இருக்கும் இளம் துறவினியிடமே எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்ல முடிகிறது. தர்க்கத்தின் வடிவங்களுக்குப் பால் இல்லாமல் இருக்கலாம். அவற்றைக் கற்பிக்கும் எடுத்துக்காட்டுகள் ஆண்களின் திண்ணையிலிருந்தே வருகின்றன.

பெரிய குறை வேறு. இத்தனையும் கற்றவள் அதன் பிறகு யாரோடும் வாதிடுவதில்லை. 30ஆம் காதையில் பௌத்த தருமத்தைக் கேட்டு, பிறவி அறுக நோன்பு ஏற்கிறாள். காப்பியம் முடிந்துவிடுகிறது. அவள் கற்ற 33 பிழைகளைச் சித்திராபதியிடமோ அரசனிடமோ அவள் எடுத்துக்காட்டும் ஒரு காட்சிகூட இல்லை. ஆண் உருவில் ஒருமுறை பேசினாள், பெண் உருவில் கற்றுவிட்டு அமைதியானாள். வாதிடும் பெண்ணைக் காண நாம் நீலகேசிக்குப் போக வேண்டும். அங்கே நீலகேசி குண்டலகேசியில் தொடங்கி புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என ஒவ்வொருவரையும் தேடிச் சென்று வெல்கிறாள். இரண்டு பெண்கள் தத்துவத்தில் மோதும் காட்சி நம் காப்பிய மரபில் இருக்கிறது என்பது சிறிய செய்தியன்று. ஆனால் அவள் வெற்றி சமணத்தின் வெற்றி. அவள் நாவில் இருப்பது ஒரு சமயத்தின் வழக்கு, பெண்களின் வழக்கு இல்லை. அந்த வழக்கைத் தர்க்கத்தின் மொழியில் எழுதும் வேலை நமக்கு விடப்பட்டிருக்கிறது.

அந்த வேலையே வேண்டாம் என்று சொல்பவர்களும் பெண்ணியத்துக்குள் உண்டு. ஆண்ட்ரியா நை 1990இல் வெளியிட்ட 'வேர்ட்ஸ் ஆஃப் பவர்' நூலில் கிரேக்கம் முதல் நவீன காலம் வரை தர்க்கத்தின் வரலாற்றைப் படித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அது பேசும் அதிகாரம் படைத்த ஆண்களின் மொழியாக இருந்திருக்கிறது என்று வாதிட்டார். பேசுகிறவர் யார், எந்த நிலையிலிருந்து பேசுகிறார் என்பதை அழித்துவிட்டு வெறும் வடிவத்தை மட்டும் மிச்சம் வைக்கும் மொழி அது என்பது அவர் குற்றச்சாட்டு. வால் பிளம்வுட் 1993இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு மாற்றை வைத்தார். தர்க்கம் என்பது ஒன்றே ஒன்றன்று. 'அ அல்லாதது' என்பதை 'அ' போக எஞ்சிய கழிவாக மட்டும் பார்க்கும் செவ்வியல் தர்க்கம்தான் ஆண் / ஆண் அல்லாதது போன்ற இருமைகளுக்கு இடம் தருகிறது. வேறு தர்க்கங்களும் உள்ளன, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எறிய வேண்டியதில்லை என்றார்.

நையின் கோபம் எனக்குப் புரிகிறது. லாஜிக்கா பேசு, எமோஷனலா பேசாதே என்று கூட்டங்களில் வாயடைக்கப்பட்ட எவருக்கும் புரியும். பெண்புத்தி பின்புத்தி என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அப்படிச் சொல்பவர்களின் கையில் இருந்தது தர்க்கமா? பெண்புத்தி பின்புத்தி என்பதில் ஏது எங்கே? திட்டாந்தம் எங்கே? வெறும் பக்கம் மட்டும் எதுகையோடு நிற்கிறது. நம்மிடமிருந்து பறிக்கப்பட்ட கருவியை, பறித்தவர்கள் சரியாகப் பயன்படுத்தியதாக நாமே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. யார் பேசுகிறார் என்ற கேள்வியும், ஏது என்ன என்ற கேள்வியும் ஒன்றையொன்று விலக்குபவை இல்லை. திட்டாந்தம் என்ற உறுப்பு இரண்டையும் சேர்த்தே கேட்கிறது: நீ எங்கே கண்டாய்?

இப்போது அப்பாயியின் திண்ணைக்குத் திரும்புகிறேன். அன்று எனக்குத் தெரியாமல் போனது என்ன? புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்ற விதியை நான் மறுக்க வேண்டியதே இல்லை. அது அடுக்களையில் சோதிக்கப்பட்ட விதி. அப்பாயியே அறுபது வருடம் அடுப்பூதிச் சோதித்த விதி. நான் கேட்டிருக்க வேண்டியது, இது புகையா என்று. தெருவின் பேச்சு புகையாகுமா? பேச்சு எழும் இடத்திலெல்லாம் நடத்தைப் பிசகு இருக்கக் கண்டதுண்டா? பேச்சு எழுந்தும் ஒன்றுமே இல்லாத இடத்தைக் கண்டதில்லையா? அப்பாயி கண்டிருந்தார். தாத்தா இறந்த புதிதில் களத்து வேலைக்குத் தனியாகப் போய்வந்தபோது தன்னைப் பற்றி ஊர் என்னவெல்லாம் பேசியது என்பதை அவரே எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். மாறான எடுத்துக்காட்டு அதே திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் கேட்டிருக்கலாம். ஏது வாதிடும் இருவருக்கும் ஒப்ப இருக்க வேண்டும் என்பது அடிகளின் விதி. ஒருவருக்கு ஏற்பில்லாத ஏதுவை வைத்து வாதிடுவதும் 33 பிழைகளில் ஒன்று. அந்த அக்காவை யாரும் வாதத்துக்கே அழைக்கவில்லை. அவருக்கு ஒப்புதலா என்று கேட்காமல் ஏது முடிவாகி, நிகமனமும் முடிந்துவிட்டது.

கேட்டிருந்தால் அவர் வேலை தப்பியிருக்குமா என்றால், தப்பியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஒரு சரியான வாதத்துக்குத் தெருவை மாற்றும் பலம் இருந்தால் உலகம் எப்போதோ திருந்தியிருக்கும். ஆனாலும் அந்தப் பேச்சு ஒரு பழமொழியோடு முடிந்திருக்காது. அப்பாயி வெற்றிலையை வைத்துவிட்டு என்னைப் பார்த்திருப்பார். தன் கதையை இன்னொரு முறை, இந்த முறை அந்த அக்காவின் பொருட்டுச் சொல்லியிருக்கவும் கூடும்.